கரும்புச் சாற்றில் உறங்கும் கனல்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு, ஓராண்டிற்கும் மேலாக உணவின்றி இருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாற்றைத் தம் கைகளில் ஏற்றுப் பாரணை செய்த நாள் இந்நாள். ஸ்ரீபுராணத்தில் அவ்வரலாற்றைப் படித்தோரும், பாட்டிமார் வாய்வழிக் கேட்டோரும் இவ்வவையில் பலர் உள்ளீர்கள். எனவே அதனை நான் விரிக்கப் போவதில்லை. சற்று முன் நம் அனைவர்க்கும் ஒரு குவளை கரும்புச் சாறு தந்தார்களே, அந்தச் சாறு தொண்டையைக் கடந்தபின் என்ன ஆகிறது என்பதையே பேச எண்ணினேன்.

இலக்கணம் கற்பித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று ஒருவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம்மவர். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொடங்கி, உயிர்களை ஐவகை அறிவால் பகுத்து அவர் கூறும் பகுதியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மரத்திற்கு உயிர் உண்டென்று எப்படிச் சொல்வது? அது அசைவதில்லையே?" என்று கேட்பான். அந்தக் கேள்வியே என்னை அறிவியல் ஆசிரியர்களின் அறைக்கு அழைத்துச் சென்றது. அவர்கள் தந்த விடையின் சாரம் இது: எது உணவைச் சிதைத்து அதிலுள்ள ஆற்றலைத் தன் வினைக்குப் பயன்படுத்திக் கொண்டே இருக்கிறதோ, அது உயிருள்ளது. அந்தச் சிதைப்பிற்கே சுவாசம் என்று பெயர். மூக்கால் காற்றை இழுத்து விடுவது அதன் வெளிவாயில் மட்டுமே. உண்மையான சுவாசம் ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் நடக்கிறது.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டு இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திற்கு வந்து குடியேறியவர்கள் நம்மிற் பலர். களத்து மேட்டில் ஈரம் காயாத நெல்லைக் குவித்து வைத்து, மறுநாள் அக்குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததுண்டா? கை சுடும். வெயில் ஏறாத குவியலுக்குள் அந்த வெம்மை எங்கிருந்து வந்தது? ஈரம் பட்ட நெல்மணி சுவாசிக்கத் தொடங்கிவிட்டது. அதன்மேல் படர்ந்த பூஞ்சையும் உடன் சுவாசிக்கிறது. மாவுப்பொருள் சிதைந்து வெப்பம் வெளிப்படுகிறது. மரம் பகலில் பிராணவாயுவை மட்டும் தருகிறது, இரவில்தான் சுவாசிக்கிறது என்று சிலர் சொல்வர். அது சரியன்று. பகலும் இரவும் அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மிகுதியாக நடப்பதால் சுவாசம் நம் கணக்கில் தெரிவதில்லை. ஓரறிவுயிர்க்கும் ஐயறிவுயிர்க்கும் இந்த அடுப்பு ஏறத்தாழ ஒன்றே. அதற்காக, நம் முன்னோர் உயிரணுவின் உட்கூறுகளையெல்லாம் அறிந்திருந்தனர் என்று நான் பெருமை பேச மாட்டேன். அப்படிப் பேசுவது முன்னோர்க்கும் நியாயமன்று, அறிவியலுக்கும் நியாயமன்று.

இனிச் சாற்றிற்கு வருவோம். ஒரு குவளைக் கரும்புச் சாற்றில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அது சுக்ரோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை. குடலில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஒரு கிராம் சர்க்கரையில் ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பக்கம் அறுவைக் காலத்தில் போனவர்கள், சாறு பிழிந்த சக்கையைக் கொதிகலனில் இட்டு எரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கையும் சர்க்கரையும் ஒரே சூரிய ஒளியில் விளைந்தவை. சக்கையை நெருப்பில் எரித்தால் ஆலை ஓடுகிறது. சர்க்கரையை உடல் எரித்தால் நாம் நடக்கிறோம்.

எரித்தால் என்று சொன்னது உவமையன்று. 1780களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தில் ஒரு கினிப்பன்றியை இருத்தி, அதன் உடல் வெப்பம் எவ்வளவு பனியை உருக்குகிறது என்று அளந்தனர். அந்த நேரத்தில் அது வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவையும் கணக்கிட்டு, அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்தபோது உருகும் பனியோடு ஒப்பிட்டனர். இரண்டும் ஏறத்தாழ ஒத்து வந்தன. சுவாசம் என்பது மெதுவான எரிதலே என்று அவர்கள் முடிவு கண்டனர்.

இங்கேதான் ஒரு பெரிய புதிர் எழுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்களில் பணிபுரிவோர் இவ்வரங்கில் உள்ளீர்கள். இரும்புக் கட்டியை உருட்டுவதற்கு முன் உலையில் 1100 பாகை செல்சியசுக்கு மேல் பழுக்கக் காய்ச்ச வேண்டும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். உலைவாயின் அருகே நின்றால் முகம் பொசுங்குகிறது. நம் உடலோ அதே பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை 37 பாகையில் எரிக்கிறது. தீ இல்லை, புகை இல்லை, தசை வேகவில்லை. எப்படி?

ஒரே பாய்ச்சலில் எரிக்காமல் படிப்படியாக எரிப்பதே அதன் உத்தி. நொதிகள் என்னும் புரதங்கள் ஒவ்வொரு படியிலும் நின்று, ஒரு சிறு மாற்றத்தை மட்டும் நிகழ்த்தி அடுத்த நொதியிடம் ஒப்படைக்கின்றன. முதற்கட்டம் உயிரணுவின் பொதுக்கூடமாகிய சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ஆறு கரியணுக்கள் கொண்ட குளுக்கோஸ், மும்மூன்று கரியணுக்கள் கொண்ட இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகப் பிளவுபடுகிறது. இதற்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். பிராணவாயு இதற்குத் தேவையில்லை. கிடைக்கும் ஆற்றலும் அற்பமே. பிராணவாயு கிடைக்காத இடத்தில் கதை இத்துடன் நின்றுவிடும். ஓடி இளைத்தவனின் தசையில் பைருவேட் லாக்டேட் ஆகிறது. வைத்துவிட்ட கரும்புச் சாற்றில் ஈஸ்ட் புகுந்தால் அதுவே சாராயம் ஆகிறது. பிழிந்த சாற்றை நேரம் தாழ்த்தாமல் அருந்த வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியோர் கண்டிப்பாகச் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிராணவாயு கிடைத்தால் பைருவேட் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணறைக்குள் நுழைகிறது. அங்கே அதன் கரியணுக்கள் ஒவ்வொன்றாகக் கரியமில வாயுவாக உதிர்கின்றன. இச்சுழற்சியை 1937ஆம் ஆண்டு கண்டறிந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். இட்லரின் ஆட்சியில் யூதர் என்பதற்காகப் பதவி பறிக்கப்பட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். அவர் தம் கண்டுபிடிப்பை நேச்சர் இதழுக்கு அனுப்ப, இடமில்லை என்று திருப்பி விட்டார்கள். 1953இல் அதே கண்டுபிடிப்பிற்கு நோபல் பரிசு வந்தது.

சுழற்சியில் பிரித்தெடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் அமைந்த புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறி இறங்குகின்றன. இறங்கும் ஒவ்வொரு படியிலும் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் மறுபுறத்திற்கு ஏற்றப்படுகின்றன. மேட்டூர் அணையில் நீரைத் தேக்குவது போல என்று கொள்ளுங்கள். தேங்கிய அயனிகள் திரும்பிப் பாய ஒரே ஒரு மதகு உண்டு. அந்த மதகு உண்மையாகவே சுழலும் சக்கரம். நம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நீராவி பாய்ந்து டர்பைன் சுழல்வதைப் போல, அயனிகள் பாய்ந்து அந்த நுண்சக்கரம் நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழல வல்லது. அயனித் தேக்கத்தின் கருத்தை 1961இல் பீட்டர் மிச்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சக்கரம் சுழன்று ஆற்றல் உண்டாகும் விதத்தை விளக்கியதற்காக 1997இல் பாயரும் வாக்கரும் பரிசு பெற்றனர். நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் அதன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. உயிரணுவும் கணக்கிடும் முறையைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பயனாக்குகிறது. எஞ்சியது வெப்பம். அந்த வெப்பத்தில்தான் நம் உடல் இதமாக இருக்கிறது.

எல்லாப் படிகளையும் இறங்கி ஓய்ந்த எலக்ட்ரானைக் கடைசியில் ஏற்றுக்கொள்வதற்கே பிராணவாயு வேண்டும். அது ஏற்றுக்கொண்டு நீராகிறது. ஏற்க ஆளில்லையென்றால் வரிசை முழுவதும் நின்றுவிடும். உலைக்கூடங்களிலும், மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரிலும், கரிச்சட்டியிலும் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்காலத்தில் சன்னலை அடைத்துக் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அந்த நுண்சக்கரம் சுழன்று உண்டாக்கும் பொருளுக்கு அடினோசின் டிரைபாஸ்பேட் என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. மூன்று பாஸ்பேட் மணிகள் கோத்த ஒரு மூலக்கூறு. கடைசி மணி கழலும்போது ஆற்றல் கிடைக்கிறது. கண் இமைப்பதும், நான் பேசுவதும், நீங்கள் பொறுமையுடன் கேட்பதும் ஏ.டி.பி. செலவால் நடப்பன. உடலில் எந்த நேரத்திலும் இதன் கையிருப்பு சில நூறு கிராமைத் தாண்டாது. ஆயினும் ஒரு நாளில் நாம் ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி.யைக் கூட்டினால், அது ஏறத்தாழ நம் உடல் எடையளவுக்கு வரும். கழன்ற மணி மீண்டும் கோக்கப்படுகிறது, மீண்டும் கழல்கிறது. நாணயம் கைமாறுவது போல.

இந்த நாணயத்தை முதலில் கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்க. பின் மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து கல்லூரிக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்தார். பின்னர்க் கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சென்று, மருத்துவமனையில் கீழ்நிலை வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டே ஆராய்ந்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் முறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். பாஸ்பேட்டோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து வினைப்படுத்தினால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் படிக்கும் மாணவர் இன்றும் செய்முறை வகுப்பில் கற்கிறார்கள். அந்த நீலநிறத்தைப் பின்தொடர்ந்தே 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் அவ்விருவரும் கண்டனர். அதே 1929இல் செருமனியில் கார்ல் லோமன் தனியே அதனைக் கண்டார். ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே அவர் வழிநடத்திய குழுக்களின் உழைப்பில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியும், யானைக்கால் நோய்க்கான மருந்தும் கிடைத்தன. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து எதிரிலேயே விழுங்கச் சொல்லும் யானைக்கால் மாத்திரையில் இருப்பது அம்மருந்தே. 1948 ஆகஸ்டில் தம் 53ஆம் வயதில் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை. நூற்றாண்டின்போது, 1995இல், நம் அரசு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. அவ்வளவுதான் நாம் செய்தது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

இவ்விடத்தில் நம் அவையில் மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரெப்ஸ் ஆராய்ந்தது புறாவின் தசையை. ஃபிஸ்கும் சுப்பாராவும் ஆராய்ந்ததும் விலங்குகளின் தசையையே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இவ்வறிவின் பயனை நாள்தோறும் நுகர்கிறோம். இதற்கு எளிய சமாதானம் என்னிடம் இல்லை. இன்று உயிரணு வளர்ப்பு முறைகள் பல வந்துள்ளன. அத்துறையில் படிக்க நம் பிள்ளைகள் போனால் நான் மகிழ்வேன்.

இனி நோன்பைப் பற்றி. இவ்வுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

சாறு தீர்ந்தபின் உடல் எதை எரிக்கிறது? கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன் சேமிப்பில் இருக்கிறது. உபவாசத்தின் முதல் நாள் முடிவதற்குள் அது பெரும்பாலும் கரைந்துவிடும். தசையில் அதனினும் மிகுதியாக உண்டு. ஆனால் தசை தன் சேமிப்பைப் பிறர்க்குத் தராது. மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். இரத்தச் சிவப்பணுக்களில் மைட்டோகாண்டிரியாவே இல்லாமையால் அவை குளுக்கோஸ் ஒன்றையே நம்பியுள்ளன. எனவே இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உடல் தன் தசைப்புரதத்தைக் கரைத்துக் கல்லீரலில் குளுக்கோஸ் ஆக்குகிறது. நோன்பில் இந்த நாட்களே கடினமானவை என்று அனுபவம் உடையோர் கூறுவர். பிறகு கொழுப்பு முழுமையாகக் கை கொடுக்கிறது. கிராமுக்கு 9 கிலோ கலோரி. கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன் பொருள்களாக மாற்றி அனுப்ப, மூளையும் மெல்ல அதனை ஏற்கக் கற்றுக்கொள்கிறது. நீண்ட நோன்பில் மூளையின் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோன்களே நிறைவேற்றுகின்றன என்பதை 1967இல் ஜார்ஜ் காஹில் குழுவினர் கண்டு சொன்னார்கள். அதுவும் சுப்பாராவ் உழைத்த அதே பாஸ்டன் நகரில். நோன்பிருப்போர் மூச்சில் ஒருவிதப் பழவாசம் வீசுவது கீட்டோனால்தான். மூளை இவ்வாறு மாறிக்கொள்வதால் தசைக் கரைவு குறைகிறது. உடலின் இந்தச் சிக்கனத்தைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையில் என்பார் சிலர், வெப்பமாய் என்பார் சிலர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மீர்மன், பிரவுன் என்னும் இருவர் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சிலே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. நோன்பிருப்பவர் இளைப்பது மூச்சின் வழியேதான்.

சென்ற தசலட்சண பர்வத்திற்கு முன் ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். அவர் கணவர்க்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். காலை இரவு இருவேளையும் மாத்திரை. ஆலையில் ஷிப்ட் வேலை. பத்து நாளும் உபவாசம் என்று மனத்தில் உறுதி கொண்டுவிட்டார். "தடுத்தால் பாவமோ என்று பயமாக இருக்கிறது ஐயா, தடுக்காவிட்டால் அவர் உயிருக்குப் பயமாக இருக்கிறது" என்றார் அம்மையார். இத்தகைய அச்சம் வேறு பல வீடுகளிலும் இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உணவு வந்தாலும் வராவிட்டாலும் தூண்டும். உணவில்லாத வயிற்றில் அதனை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, நடுக்கம், குழப்பம், மயக்கம் என்று போகும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற வகை மாத்திரைகள் உண்போர்க்கு வேறோர் ஆபத்து. நோன்பில் கீட்டோன் அளவுக்கு மீறி இரத்தம் அமிலமாகலாம். அப்போது சர்க்கரை அளவு இயல்பாகவே காட்டி ஏமாற்றும். சிறுவயதிலேயே வந்த முதல் வகை நோயாளர் இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே கேடு. எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நானும் சொல்லக்கூடாது, பக்கத்து வீட்டாரும் சொல்லக்கூடாது.

அந்த அன்பரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்தை மாற்றி, பத்து நாளும் ஒருபொழுது உண்பதற்கு இசைந்தார் மருத்துவர். அன்பர்க்கு முதலில் மனக்குறை. நான் அவர்க்கு நினைவூட்டியது சோடச பாவனைகளுள் ஒன்றை. தவத்தைச் சொல்லும்போது நம் ஆசாரியர்கள் "சக்திக்கேற்ற தவம்" என்றே சொன்னார்கள். புறத்தவங்களின் வரிசையில் உபவாசத்தை அடுத்து, அரைவயிறு உண்ணும் ஊனோதரமும் தவமாகவே வைக்கப்பட்டுள்ளது. அதனைக் கேட்டபின் அவர் முகம் தெளிந்தது.

உலைக்கருகே வேலை செய்வோர்க்கு இன்னொரு சொல். வியர்வையில் நீரும் உப்பும் வடிந்துகொண்டே இருக்கும். அந்நிலையில் நீரும் அருந்தாத உபவாசம் வெப்பத்தாக்கில் கொண்டுபோய் விடும். கொதித்தாறிய நீரைப் பகலில் அருந்தி நோன்பிருக்க வழியுண்டு. நீரும் வேண்டாம் என்னும் உறுதி உடையோர் வாரவிடுமுறை நாளில், வீட்டு நிழலில் இருக்கட்டும்.

கடைசியாகப் பாரணை. நோன்பை விடவும் இதில்தான் நாம் கவனக்குறைவாய் இருக்கிறோம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள், பட்டினியில் பிழைத்திருந்து, வயிறார உணவு கிடைத்தபின் இறந்தனர். மருத்துவருக்கு அது முதலில் விளங்கவில்லை. காரணம் நாம் முன்பே கண்ட பாஸ்பேட் மணிகளே. நீண்ட பட்டினியில் உடலின் பாஸ்பேட் இருப்பு மெல்லக் குறைகிறது. இரத்தத்தில் அளந்தால் குறைவு தெரியாது. திடீரென இனிப்பு உள்ளே போனதும் இன்சுலின் பொங்குகிறது. பட்டினி கிடந்த உயிரணுக்கள் குளுக்கோசை உள்ளிழுக்கின்றன. அதன்மேல் பூட்டவும் ஏ.டி.பி. கோக்கவும் பாஸ்பேட்டை ஒரே மூச்சில் உறிஞ்சுகின்றன. இரத்தத்தில் பாஸ்பேட் சரிகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் உடன் சரிகின்றன. இதயம் தாளம் தப்புகிறது, மூச்சுத்தசை சோர்கிறது. பைருவேட்டை மைட்டோகாண்டிரியாவிற்குள் சிதைக்கத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் வேண்டும், அதுவும் தீர்ந்திருக்கும். ஐந்து நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றுமே உண்ணாதிருந்தவர், முதியவர், முன்பே மெலிந்தவர் ஆகியோர்க்கு இந்த ஆபத்து மிகுதி.

"ஆதிபகவன் கரும்புச் சாற்றால் பாரணை செய்தாரே" என்று கேட்பீர்கள். தீர்த்தங்கரர்தம் யாக்கை வஜ்ர விருஷப நாராச சம்ஹனனம் உடையது என்று நம் நூல்களே கூறுகின்றன. வைரம் போன்ற அந்தக் கட்டமைப்பு நமக்கு இல்லை என்பதையும் அந்நூல்களே கூறுகின்றன. ஆகையால் நெடிய நோன்பு முடிப்போர் சாற்றை ஒரு தேக்கரண்டி அளவு ஏற்றுச் சடங்கை நிறைவேற்றுக. பிறகு பயற்றம்பருப்பு வடித்த நீர், நீர்த்த கஞ்சி, சிறிது பால் எனச் சிறுகச் சிறுக, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக உணவைக் கூட்டுக. உறவினர் அன்பு மிகுதியால் பாயசமும் இனிப்பும் கொண்டுவந்து ஊட்டுவர். அதை அன்று தவிருங்கள். எட்டு நாளுக்கு மேல் நோன்பிருப்போர் தொடங்குமுன்னும், பாரணைக்கு மறுநாளும் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்வது நல்லது. இரத்தம் எடுப்பவரிடம் பாஸ்பரஸ் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வழக்கமான பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. படபடப்பு, மூச்சுத்திணறல், கால்வீக்கம், குழப்பம் இவற்றுள் எது தோன்றினாலும் காத்திராது மருத்துவமனை செல்லுங்கள்.

நம் சமுதாயத்து மருத்துவர் ஒருவர் இன்று மாலை வரை தாழ்வாரத்தில் அமர்ந்திருக்க இசைந்துள்ளார். வரும் பர்வத்தில் நோன்பு மேற்கொள்ள எண்ணியிருப்போர், உண்ணும் மாத்திரைகளின் பெயரைச் சீட்டில் எழுதி அவரிடம் காட்டுங்கள். சீட்டு கொண்டுவராதவர்கள் மாத்திரை அட்டையை வீட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.